சென்னை வழியாகக் கொல்கத்தா: லெபதேவின் நாடக அரங்கும் லேக் மார்க்கெட் தமிழரும்

முன்னுரை

வங்கமொழியில் மேலைமுறை மேடையமைப்புடன் நிகழ்ந்த முதல் நாடகம் 1795ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள் கொல்கத்தாவில் அரங்கேறியது என்பது நாடக வரலாற்றாசிரியர் பலரும் ஒப்பும் செய்தியாகும். அதனை அரங்கேற்றியவர் வங்காளியும் அல்லர். அந்நகரை ஆண்ட ஆங்கிலேயரும் அல்லர். உருசிய நாட்டு இசைக்கலைஞரான கெராசிம் லெபதேவ் (1749–1817) என்பவரே அவர். கொல்கத்தாவுக்கு வருமுன் அவர் ஈராண்டுக் காலம் சென்னையில் வாழ்ந்தார். இந்திய மொழிகளுள் அவர் முதலில் பயிலத் தொடங்கியது தமிழே. வங்க நாடக வரலாற்றைப் பேசுவோர் இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவர். தமிழ் நாடக வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கருத்தில் கொள்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத பெருநகர் ஒன்றின் நாடகத்தையும் பண்பாட்டையும் எவ்வழியாகச் சென்றடைகிறார் என்னும் வினாவை லெபதேவின் வாழ்வைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அவர் சென்ற சென்னை–கொல்கத்தா வழியிலேயே 20ஆம் நூற்றாண்டில் தமிழர் பலர் சென்று, தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் குடியமர்ந்தனர். அவர்தம் பட்டறிவு இவ்வாய்வுக்கு ஒப்புநோக்காக அமைகிறது. புதியவருக்கு ஒரு நகரின் அரங்கைத் திறந்துவிடுவது பொருளோ பதவியோ அன்று, அந்நகர மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரே என்பது இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

சென்னையில் ஈராண்டு

லெபதேவ் உருசியாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் பிறந்தவர். உருசிய நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் பியோதர் வோல்கவ் 1750ஆம் ஆண்டில் தம் நாடகக் குழுவைத் தொடங்கியதும் அந்நகரில்தான். லெபதேவின் தந்தையார் தேவாலய இசையோடு தொடர்புடையவர். லெபதேவ் வயலின் கலைஞராக வளர்ந்து, உருசியத் தூதர் ஒருவரின் குழுவோடு ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று, பின்னர் அதிலிருந்து விலகித் தம் இசையையே நம்பி ஊர் ஊராகச் சுற்றினார். 1785ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆங்கிலக் கப்பலொன்றில் சென்னை வந்து சேர்ந்தார்.

சென்னையில் அவருக்கு ஆதரவு கிடைக்காமல் இல்லை. ஆங்கில அதிகாரியான வில்லியம் சிடனாம் அவருக்குப் புரவலராக இருந்தார். கோட்டையைச் சார்ந்து வாழ்ந்த ஐரோப்பியர்களுக்காக அவர் இசைநிகழ்ச்சிகள் நடத்தினார். அங்கிருந்தபோதே 'மலபார்' மொழியையும் ஓரளவு பயின்றார். அக்கால ஐரோப்பியர் தமிழை அப்பெயராலேயே வழங்கினர் என்பது தமிழறிஞர் அறிந்ததே. லெபதேவ் வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1779இல், பப்ரீசியுஸ் வேப்பேரியில் அச்சிட்ட அகராதியும் 'மலபார்–ஆங்கில அகராதி' என்னும் பெயரையே கொண்டிருந்தது.

18ஆம் நூற்றாண்டுத் தமிழகம் இசைநாடக வளம் மிக்கது என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியும் அருணாசலக் கவிராயரின் இராமநாடகமும் அந்நூற்றாண்டின் ஆக்கங்கள். ஊர்தோறும் கூத்து நிகழ்ந்துகொண்டிருந்தது. எனினும் நாடகப் பற்றுடைய அயல்நாட்டுக் கலைஞர் ஒருவர் ஈராண்டு சென்னையில் வாழ்ந்தும் அவ்வுலகத்துக்குள் நுழையவில்லை. வடமொழி கற்கவேண்டும் என்னும் அவரது வேட்கையும் அங்கு நிறைவேறவில்லை. கோட்டை மதில்களுக்குள் அவருக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள். மதிலுக்கு வெளியே அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியர் கிடைக்கவில்லை. 1787இல் அவர் கொல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கொல்கத்தா: ஒரு நகரில் இரு நாடக உலகங்கள்

லெபதேவ் சென்றடைந்த கொல்கத்தா ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தலைநகராக இருந்தது. 1778இல் ஹால்ஹெட் எழுதிய வங்க இலக்கணம் ஹூக்ளியில் அச்சேறியிருந்தது. அதற்கான வங்க எழுத்துருக்களைச் சார்லஸ் வில்கின்சும் பஞ்சானன் கர்மகாரும் உருவாக்கினர். 1784இல் வில்லியம் ஜோன்ஸ் ஆசியக் கழகத்தைத் தொடங்கியிருந்தார்.

ஆங்கிலேயர்க்கெனத் தனி நாடகசாலை 1775ஆம் ஆண்டு முதல் இயங்கியது. அங்கு நடித்தவர்களும் கண்டவர்களும் ஐரோப்பியர்களே. நகரின் மற்றொரு பகுதியில் யாத்ரா, கவிகான், பாஞ்சாலி முதலிய வங்க மக்கள் கலைகள் செழித்திருந்தன. ஒரு சாரார் அரங்கை மறுசாரார் அறியாமலே இரு நாடக உலகங்கள் அடுத்தடுத்து இருந்தன.

இந்நிலையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றை ஜோன்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பின் (1789) முன்னுரையில் பதிவு செய்துள்ளார். 'நாடகம்' என வழங்கும் வடமொழி நூல்கள் எத்தகையவை என்பதை அவரால் நெடுநாள் அறிய முடியவில்லை. வரலாற்று நூல்கள் என்றனர் சிலர். உரையாடல் நூல்கள் என்றனர் வேறு சிலர். இறுதியில் இராதாகாந்தர் என்னும் அந்தணர், கொல்கத்தாவில் குளிர்காலத்தில் ஆங்கிலேயர் பொதுமேடையில் நடத்திக் காட்டுகின்றவை போன்றவையே நாடகங்கள் என விளக்கினார். ஆங்கிலேயரின் கேளிக்கையை அயலிலிருந்து உற்றுநோக்கியிருந்த அவ்வந்தணரே ஜோன்சுக்கு இந்திய நாடகத்தின் வாயிலைக் காட்டியவர். காளிதாசர் ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாறு இந்த ஒப்புமையில் தொடங்குகிறது. இதற்கு ஆறாண்டுகள் கழித்து லெபதேவ் செய்த முயற்சி இதன் மறுதலை. ஜோன்ஸ் இந்திய நாடகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்றார். லெபதேவ் ஆங்கில நாடகத்தை வங்கமொழிக்குக் கொண்டு வந்தார்.

கோலோக்நாத் தாஸ்

கொல்கத்தாவில் லெபதேவுக்கு வாய்த்த ஆசிரியர் கோலோக்நாத் தாஸ். இருவருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் லெபதேவுக்கு வங்கமொழியும் வடமொழியும் கற்பித்தார். லெபதேவ் அவருக்கு ஐரோப்பிய இசையைக் கற்பித்தார். ஊதியம் கொடுத்து முன்ஷியை அமர்த்திக்கொள்ளும் கம்பெனி அதிகாரியின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. இங்கு இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

மொழியில் தேர்ச்சி பெற்றபின் லெபதேவ் ரிச்சர்டு பால் ஜோட்ரெல் எழுதிய 'மாறுவேடம்' என்னும் பொருள்தரும் ஆங்கில நகைச்சுவை நாடகத்தை வங்கமொழியில் ஆக்கினார். வங்க வடிவம் 'கால்பனிக் சங்பதல்' எனப் பெயர் பெற்றது. இந்நாடகத்தைத் தேர்ந்தமைக்கான காரணத்தை லெபதேவ் 1801இல் இலண்டனில் வெளியிட்ட தம் இலக்கண நூலின் முன்னுரையில் விளக்கியுள்ளார். இந்நாட்டு மக்கள் கனமான அறிவுரையைக் காட்டிலும் பிறரைப்போல் நடித்துக்காட்டுவதையும் நகைச்சுவையையும் மிகுதியாக விரும்புவதைத் தாம் கண்டதாகவும், எனவே காவலர், திருடர், வழக்காடுவோர் முதலிய பாத்திரங்கள் நிறைந்த நாடகத்தைத் தேர்ந்ததாகவும் அவர் கூறுகிறார். இக்கூற்றில் அயலாரின் பொதுமைப்படுத்தும் பார்வை இல்லாமலில்லை. ஆயினும், காண்போர் எதை விரும்புவர் என்று முதலில் கேட்டறிந்து, பின்னரே நாடகத்தைத் தேர்ந்தார் என்பது போற்றத்தக்கது.

மொழிபெயர்ப்பைப் பண்டிதர்கள் படித்துப் பார்த்துக் கருத்துரைத்தனர். அதன்பின் இதனை மேடையேற்றலாம் என்னும் கருத்தை முன்வைத்தவர் கோலோக்நாத் தாஸ். ஆண், பெண் ஆகிய இருபாலாரிலும் உள்ளூர் நடிகர்களைத் தாமே திரட்டித் தருவதாகவும் அவர் உறுதியளித்தார். இச்செய்திகளையும் லெபதேவின் முன்னுரையே தருகிறது. ஆகவே முதல் வங்க நாடக அரங்கேற்றத்தின் பெருமையில் பாதி அவ்வாசிரியருக்கு உரியது எனலாம். நாடகத்தைத் தந்தவர் லெபதேவ். நாடகக் குழுவைத் தந்தவர் கோலோக்நாத் தாஸ். வரலாறோ முன்னவர் பெயரால் மட்டுமே அந்நிகழ்ச்சியை வழங்கி வருகிறது.

மேடையில் நிகழ்ந்தவை

தலைமை ஆளுநர் சர் ஜான் ஷோரின் இசைவைப் பெற்று, தோம்தலா என்னுமிடத்தில் லெபதேவ் தம் நாடகசாலையை எழுப்பினார். பின்னாளில் எஸ்ரா தெரு எனப் பெயர் பெற்று, மின்விளக்குக் கடைகளுக்குப் புகழ்பெற்ற பகுதி அது. அரங்கம் வங்கப் பாங்கில் அணிசெய்யப்பட்டிருக்கும் என்று விளம்பரம் அறிவித்தது. முன்னிருக்கைக்கு 8 ரூபாயும் மேல்மாடத்துக்கு 4 ரூபாயும் கட்டணமாக விதிக்கப்பட்டன. பத்து நடிகரும் மூன்று நடிகையரும் நடித்தனர்.

நாடக வரலாற்று நோக்கில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, இடமாற்றம். மூலத்தில் இஸ்பானிய நகரங்களில் நிகழும் கதை, வங்க வடிவில் கொல்கத்தாவுக்கும் இலக்னோவுக்கும் பெயர்க்கப்பட்டது. இரண்டாவது, இசை. நாடகத்தின் தொடக்கத்தில் வங்க மக்கள் போற்றும் இசைக்கருவிகளும் ஐரோப்பியக் கருவிகளும் இணைந்தொலித்தன. வங்கக் கவிஞர் பாரதசந்திர ராயின் பாடல்களுக்கு இசையமைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, பெண்களின் பங்கேற்பு. பெண் பாத்திரங்களை ஆடவர் ஏற்பது பெருவழக்காக இருந்த காலத்தில், பொதுமேடையில் பெண்களே அவற்றை ஏற்று நடித்தமை துணிவான செயலாகும்.

முதற்காட்சிக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. 1796 மார்ச்சு 21ஆம் நாள் மீண்டும் நாடகம் நிகழ்ந்தபோது கட்டணம் ஒரு பொன் மொகராவாக உயர்த்தப்பட்டது. அதன்பின் அவ்வரங்கம் நிலைக்கவில்லை. திரைச்சீலை ஓவியர் ஒருவருடன் ஏற்பட்ட பூசல், வழக்கு, கடன் ஆகியவை லெபதேவை நலித்தன. ஆங்கில நாடகசாலையாரின் போட்டி மனப்பான்மையே தம் வீழ்ச்சிக்குக் காரணம் என அவர் கருதினார். 1797இல் பொருளிழந்து கொல்கத்தாவை நீங்கினார். எனினும் கற்ற மொழியை அவர் கைவிடவில்லை. 1801இல் இலண்டனில் கிழக்கிந்திய மொழிவழக்குகளுக்கான இலக்கணத்தை வெளியிட்டார். பின் உருசியா திரும்பி, புனித பீட்டர்சுபர்க்கில் இந்திய எழுத்துகளைக் கொண்ட அச்சகத்தை நிறுவினார். 1805இல் இந்தியச் சமயமும் வழக்கங்களும் பற்றிய நூலை உருசிய மொழியில் வெளியிட்டார்.

இடைவெளியும் தொடர்ச்சியும்

லெபதேவுக்குப் பின் வங்க மேடையில் நீண்ட இடைவெளி காணப்படுகிறது. 1831இல் பிரசன்னகுமார் தாகூர் தொடங்கிய இந்து நாடகசாலை ஆங்கிலத்திலேயே நாடகங்களை நடத்தியது. 1835இல் சியாம்பஜாரில் நவீன்சந்திர பாசுவின் இல்லத்தில் வங்கமொழியில் 'வித்யாசுந்தர்' நிகழ்ந்தது. அக்கதை பாரதசந்திரரின் காப்பியத்தைச் சார்ந்தது. அதிலும் பெண்கள் நடித்தனர். லெபதேவின் மேடையில் ஒலித்த கவிஞரின் சொல்லும், அவர் மேடையேற்றிய பெண்களின் கலையும் நாற்பதாண்டுகளுக்குப்பின் வேறோரிடத்தில் மீண்டும் தோன்றின. இவற்றிடையே நேரடித் தொடர்பு உண்டு எனக் கூறச் சான்றில்லை. ஆயினும் கோலோக்நாத் திரட்டிய நடிகர்கள் வானிலிருந்து வந்தவர்கள் அல்லர். பாடவும் ஆடவும் வல்ல கலைஞர்கள் நகரில் ஏற்கனவே இருந்தனர். லெபதேவ் உருவாக்கியது ஒரு மேடை. கலையோ அங்கு முன்னரே இருந்தது. 'முதல் நாடகம்' என்னும் தொடரைக் கையாளும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

1872 டிசம்பர் 7ஆம் நாள் 'நீலதர்ப்பண்' நாடகத்துடன் தேசிய நாடகசாலை கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்காகத் தொடங்கிற்று. 1873இல் வங்க நாடகசாலை நான்கு நடிகையரைச் சேர்த்துக்கொண்டது. இம்மாற்றத்தை வற்புறுத்தியவர் மைக்கேல் மதுசூதன் தத்தர். அந்நாடகசாலை திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. அவர் இயற்றிய 'சர்மிஷ்டா'வே அங்கு முதலில் நடிக்கப்பட்டது.

மதுசூதனரும் சென்னை வழி வந்தவரே. 1848இல் சென்னைக்கு வந்து, ஆதரவற்ற சிறார் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றி, இதழ்களுக்கு எழுதி, 1856 வரை அங்கு வாழ்ந்தார். அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 1849இல் சென்னையில் அச்சேறியது. சுல்தானா ரசியாவைப் பற்றிய நாடக முயற்சியொன்றையும் ஆங்கிலத்தில் அங்குத்தான் மேற்கொண்டார். தம் தாய்மொழியின் அருமையை உணர்ந்து அவர் வங்கம் திரும்பியது சென்னை வாழ்க்கைக்குப் பின்னரே. அயலூரில் புதியவராக வாழ்ந்த எட்டாண்டுகள் அவரைத் தம் ஊரின் மொழிக்குத் திருப்பின. சென்னையில் கோட்டைக்குள் நின்றுவிட்ட உருசியரும், சென்னையில் ஆங்கிலத்துக்குள் நின்றுவிட்ட வங்காளியும் கொல்கத்தாவில் வங்கமொழியின் வழியாகவே நாடக வரலாற்றில் இடம்பெற்றனர் என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

லேக் மார்க்கெட் தமிழர்

எஸ்ரா தெருவுக்குத் தெற்கே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவில் ராஷ்பிகாரி நிழற்சாலையில் உள்ளது லேக் மார்க்கெட். கொல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1920களில் தாகுரியா ஏரியை வெட்டித் தென்கொல்கத்தாவை விரிவாக்கியபோது உருவான குடியிருப்புகளைச் சார்ந்தது இச்சந்தை. அவ்வேரி 1958இல் இரவீந்திர சரோவர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சந்தையோ ஏரியின் பழைய ஆங்கிலப் பெயரையே தாங்கி நிற்கிறது. வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் பணியாற்ற வந்த தமிழர் இப்பகுதியில் மிகுதியாகக் குடியேறினர். கறிவேப்பிலை, வாழையிலை, தொடுத்த மல்லிகை, வறுத்தரைத்த காப்பித்தூள் ஆகியவற்றுக்கு இச்சந்தை பெயர் பெற்றது. கோமள விலாஸ் முதலிய உணவு விடுதிகளும் நேஷனல் உயர்நிலைப் பள்ளியும் தென்னிந்தியர் வாழ்வின் மையங்களாயின. நகரில் பாரதி தமிழ்ச் சங்கமும் இசைச் சபைகளும் தோன்றின.

இக்குடியேற்றத்தை லெபதேவின் வரவோடு ஒப்பிடலாமா என்னும் ஐயம் எழலாம். லெபதேவ் ஆளும் ஐரோப்பியரிடையே தமக்கும் இடம்தேடி வந்தவர். தமிழரோ பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆயினும் இருசாரார் முன்பும் இருந்த தெரிவு ஒன்றே. தம்மவர் கூடும் சபையோடு அமைந்துவிடலாம்; அல்லது நகரின் மொழியைக் கற்று அதன் அரங்குக்குச் செல்லலாம். முன்னது எளிது, அதில் இழிவும் இல்லை. தம் மொழியையும் இசையையும் அயலூரில் காத்துநிற்கச் சபைகள் வேண்டுவனவே. ஆனால் அதனோடு நின்றவர்க்கு, சென்னைக் கோட்டைக்குள் வயலின் வாசித்த லெபதேவுக்கு நேர்ந்ததே நேரும். நகரில் வாழ்ந்திருப்பர், நகரைக் கண்டிருக்கமாட்டார்.

பின்னதைத் தேர்ந்த கொல்கத்தாத் தமிழர்களுக்குச் சான்றாகச் சு. கிருஷ்ணமூர்த்தியைக் குறிப்பிடலாம். பணியின் பொருட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து, வங்கமொழியைக் கற்று, வங்க இலக்கியங்களைத் தமிழிலும் தமிழ் இலக்கியங்களை வங்கத்திலும் பெயர்த்தவர் அவர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' புதினத்தை அவர் வங்கமொழியில் ஆக்கிய நூல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசினைப் பெற்றது. தாய்மொழியிலிருந்து கற்ற மொழிக்குப் பெயர்க்கும் துணிவு அரிது. கற்ற மொழியில் எழுதி அம்மொழியாரின் ஏற்பைப் பெறுவதே புதியவர் ஒருவர் அடையக்கூடிய உயர்நிலை.

இவ்வழி ஒருதிசை வழியன்று. வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1925–2011) நகரமைப்புப் பொறியாளராக இலண்டனில் இருந்த காலத்தில் புதியவராக அந்நகர அரங்குகளைத் தேடிச்சென்று கண்டவர். பார்வையாளர் சூழ அமர, நடுவில் நடிக்கும் முறையை அங்கு அறிந்தார். பின்னாளில் மேடையைத் துறந்த 'மூன்றாம் அரங்கு' அவர் கையில் உருப்பெற அவ்வனுபவமும் துணைநின்றது. 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழின் நவீன நாடகத்துக்கும் வீதி நாடகத்துக்கும் ஊக்கமளித்தது. தோம்தலாவுக்குச் சென்னை வழியாக ஒருவர் சென்ற காலத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப்பின், கொல்கத்தாவிலிருந்து ஓர் அரங்கு சென்னைக்கு வந்தது.

முடிவுரை

லெபதேவின் தமிழ்ப் பயிற்சியை மிகைப்படுத்தி, வங்க நாடகப் பிறப்பில் தமிழுக்குப் பங்குண்டு என உரிமை கொண்டாடுதல் ஆய்வுநெறி ஆகாது. அவரது நாடகத்தில் தமிழின் சுவடு ஏதும் புலப்படவில்லை. அவர் வாழ்வில் சென்னை உணர்த்துவது ஓர் இன்மையையே. குறவஞ்சியும் கூத்தும் நிறைந்த நாட்டில் வாழ்ந்த நாடகப் பற்றாளர் ஒருவரை அவற்றிடம் அழைத்துச் செல்ல ஒருவரும் வாய்க்கவில்லை. கொல்கத்தாவில் அப்பணியைச் செய்ய ஒரு பள்ளியாசிரியர் இருந்தார்.

எனவே புதியவர்களின் வரலாற்றை எழுதும்போது வந்தவரின் பெயரோடு அவருக்கு மொழி கற்பித்தவரின் பெயரையும் சேர்த்தெழுதுவது கடமையாகிறது. ஜோன்சுக்கு இராதாகாந்தர், லெபதேவுக்குக் கோலோக்நாத் தாஸ் என இருவர் பெயரேனும் எஞ்சியுள்ளன. லேக் மார்க்கெட்டுக்கு வந்த தமிழர்க்கு வங்கமொழி கற்பித்த அண்டை வீட்டாரும் அலுவலக நண்பரும் காய்கறி விற்போரும் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை. புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றிய ஆய்வுகள் இதுகாறும் தமிழர் எதைக் காத்தனர் என்பதையே பெரிதும் நோக்கியுள்ளன. அவர்கள் எதைக் கற்றனர், யாரிடம் கற்றனர் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். கொல்கத்தாவின் முதிய தலைமுறைத் தமிழரிடமிருந்து அந்நினைவுகளைத் திரட்டுவது தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.